ஒரே ஒரு ஃபாஸ்ட்பால்

சவூதியின் அல் கோபாரில் நாங்கள் இருந்த குடியிருப்பில் அமெரிக்கர்கள் பேஸ்பால் ஆடும் மைதானம் ஒன்று உண்டு. அதற்குத் தண்ணீர் விட்டுப் பராமரித்தவர் பரமக்குடிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, நீளமான கைகள். கையில் எது கிடைத்தாலும் எடை பார்ப்பதுபோல் உருட்டிக்கொண்டே இருப்பார்.

ஒரு மாலை பந்து வீசுபவர் வராததால், பயிற்சியாளர் இவரை வீசச் சொன்னார். முதல் பந்து மட்டையைத் தாண்டி வலையில் போய் அறைந்தது. "ஃபாஸ்ட்பால்!" என்று பயிற்சியாளர் கத்தினார். இவர் மிரண்டுபோய், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஓடி வந்தார்.

"சார், ஏதோ திட்டுறாரு. வேலைக்கு வேட்டு வந்துருமா?"

"திட்டல அண்ணே, பாராட்டுறாரு. ரொம்ப வேகமா வர்ற பந்துக்கு அதான் பேரு. எங்க ஆபீஸ்ல திடீர்னு தலையில வந்து விழுற வேலையையும் மேனேஜர் அப்படித்தான் சொல்லுவார்."

"அப்ப அடிக்க முடியாததுன்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதன்பின் அவர் வீசிய பந்துகளெல்லாம் மெதுவாகவே வந்தன. எல்லோரும் விளாசித் தள்ளினார்கள். பயிற்சியாளர் கெஞ்சிக் கேட்டும் அவர் வேகத்தைக் கூட்டவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன்.

"நாள் பூரா டூட்டி பாத்துட்டு, அடிக்கத்தானே சார் வர்றாங்க?"

அப்படியானால் அந்த முதல் பந்தை மட்டும் யாரை நினைத்து வீசினாரோ, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.