என் புளிச்சக்கீரைப் பாத்திகள் கருகிய வருஷம்

ரங்கூனின் விளிம்பில், லைங் தாயாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு பாத்தி புளிச்சக்கீரை போட்டிருந்தேன். இந்த ஊரில் அதைச் சின்பவுங் என்பார்கள். அதை இறாலோடு வதக்காத வீடு ரங்கூனில் கிடையாது. தையல் ஆலைகளில் வேலை முடிந்து வரும் பெண்கள் என் வாசலில் நின்று ஆளுக்கு இரண்டு கட்டு வாங்கிப் போவார்கள். எண்பத்தெட்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு அரசாங்கம் ஊருக்குள் இருந்த எங்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி இந்தத் துண்டு நிலத்தைக் கொடுத்தபோது இது வெறும் சேறு. அதைக் கொத்தி மேடாக்கியது நானும் என் கணவரும். அவர் போட்டாதாங் படகுத்துறையில் சீட்டு எழுதும் வேலையில் இருந்தார்.

சில வருஷங்கள் கழித்து, மழை நின்ற கையோடு இலைகளின் ஓரம் பழுப்பாகத் தொடங்கியது. முதலில் நுனி, பிறகு விளிம்பு முழுவதும். தொட்டால் அப்பளம் போல நொறுங்கியது.

"தண்ணி பத்தலையோ என்னமோ. இன்னும் ரெண்டு வாளி சேத்து ஊத்திப் பாரு" என்றார் என் கணவர்.

ஊற்றினேன். வேகமாகக் கருகியது. உரம் குறைவோ என்று யூரியா தூவினேன். இன்னும் மோசமாயிற்று. கருகிய இலைகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் பிடித்து மாவ்பிக்குப் போனேன். அங்கே விவசாய மருந்துக் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் துணியைப் பிரிக்கவே இல்லை.

"பூச்சி. இத அடிங்க" என்று ஒரு புட்டியை எடுத்து வைத்தார்.

"இலையக் கொஞ்சம் பாருங்க சயா" என்றேன். ஐயா என்பதற்கு இங்கே சயா.

"பாக்க என்ன இருக்கு? எல்லாருக்கும் இதுதான் குடுக்கிறேன்."

அவரை நம்பி அடித்தேன். மருந்து அடித்த கீரையை விற்க மனம் வராமல் இரண்டு வாரம் வாசலுக்கு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினேன். கருகல் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. என் செடியை நானே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் பாத்தியில் குந்திவிட்டேன். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சியும் இல்லை, நூலாம்படையும் இல்லை. பூஞ்சை என்றால் வட்டமாகப் புள்ளி விழும், அதுவும் இல்லை. சத்துக் குறைவு என்றால் அடியிலுள்ள முற்றிய இலை முதலில் மஞ்சளாகும். இங்கே நேற்று விட்ட கொழுந்தும் சேர்ந்து கருகியிருந்தது. ஒரு செடியைப் பிடுங்கினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, விரலில் வழுக்கியது. காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நாக்கில் வைத்தேன். உப்பும் கசப்புமாக இருந்தது.

நான் தண்ணீர் மொள்வது வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு பாத்தியில் மட்டும் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தேன். பக்கத்து வீட்டு அடிபம்பில் தண்ணீர் அடித்து வந்து, மண்ணிலிருந்து வடிந்து ஓடும்வரை பல தடவை ஊற்றினேன். கருகியதைக் கிள்ளிப்போட்டேன், உரம் போடவில்லை. மற்ற ஐந்துக்கும் பழையபடி வாய்க்கால் தண்ணீர். இரண்டு வாரத்தில் அந்த ஒரு பாத்தி மட்டும் சுத்தமான பச்சையில் துளிர்த்தது.

வாய்க்கால் கரையோடு மேலே நடந்தேன். புதிதாகக் கட்டிய ஒரு ஆலையின் மதில் வந்தது. ஜீன்ஸ் துணியை வெளுத்துச் சாயம் குறைக்கும் இடம். மதிலுக்கு அடியில் ஒரு குழாய். அதிலிருந்து நீலத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வெளுப்பு மருந்தின் நெடியோடு. மழைக்காலத்தில் வெள்ளத்தோடு கலந்து போனதால் எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இந்தத் தண்ணீரில்தான் கீழே பெண்கள் துணி துவைத்தார்கள், பிள்ளைகள் குளித்தார்கள்.

மறுநாள் கருகிய இலையையும் நல்ல இலையையும் எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போனேன். தலைவர் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து விரலாகப் பிரிந்த என் இலையைத் தூக்கிப் பிடித்தார்.

"இது கஞ்சா மாதிரி இருக்கே, அமா" என்றார். அமா என்றால் அக்கா.

"சின்பவுங், சயா. நீங்க தெனமும் சாப்பிடுறது."

"அத நாங்க பாத்துச் சொல்றோம்" என்று சிரித்தார்.

இந்த நாட்டில் பிறந்து புளிச்சக்கீரையைத் தெரியாதவன் ஒருவன் உண்டா? அவருக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

சாயங்காலமே அலுவலகத்திலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். சோதனைக்கு என்றார்கள். கருகிய ஐந்து பாத்தியைத் தொடவில்லை. நான் வாளி வாளியாகச் சுமந்து தேற்றிய அந்த ஒரு பாத்தியை வேரோடு பிடுங்கி, வேரைத் தட்டி மண்ணை உதறி, ஒழுங்காகக் கட்டுக் கட்டி எடுத்துப் போனார்கள். மூன்றாம் நாள் சந்தையில் அவர்களில் ஒருவருடைய மனைவி என்னைக் கண்டு, "உங்க வீட்டுச் சின்பவுங் நல்ல புளிப்பு, அமா" என்றாள். அவளுக்கு விவரம் தெரியாது. நான் நேரே வீட்டுக்கு வந்தேன்.

அன்று ஒரு முழுத்தாளில் மேலதிகாரிகளுக்கு மனு எழுதினேன். என் கணவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். இருக்குற நெலத்தையும் புடுங்கிக்குவாங்க."

"ஊருக்குள்ள இருந்தப்ப வாயத் தொறக்காமதான இருந்தோம். வீடு மிஞ்சுச்சா?"

அவர் பேனாவை விட்டுவிட்டார். நான் எழுதி முடித்ததும் என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். சந்தில் கேட்டுப் பார்த்ததில் மூன்று பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

பதில் வரவில்லை. ஒரு மாதம் போனபின் ஆலைக்காரர்கள் மண்ணைத் தோண்டிக் குழாயை நீட்டினார்கள். எங்கள் வாய்க்காலில் நீலம் வருவது நின்றது. அடுத்த வட்டாரத்து வாய்க்காலில் கொட்டத் தொடங்கியது. எங்கள் சந்தில் சிலர் ஜெயித்துவிட்டோம் என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கேட்டது அதுவா?

மீதி ஐந்து பாத்தியின் மேல்மண்ணையும் சுரண்டிவிட்டு, அடிபம்புத் தண்ணீரால் கழுவி, உமியும் மாட்டுச்சாணமும் போட்டு மறுபடி விதைத்தேன். கீரை வந்தது. முதல் அறுப்பு முடிந்த அன்று, மனுவின் நகலையும் ஒரு கருகிய இலையையும் எடுத்துக்கொண்டு அடுத்த வட்டாரத்துக்கு நடந்தேன். வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இரண்டையும் கொடுத்து, மேலே மதிலடியில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவள் துணியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, தன் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள்.