பிரித்தெடுத்த சாவி

மக்கா ஜெபா, அனீஷ், உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று அப்பா நான் ஏன் அவ்வளவு தாமதித்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை. இரண்டு பேரும் வாசலை விட்டு அசையவே இல்லை என்று அத்தை பிறகு சொன்னாள். அதை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். சபையாரும் வாசிக்கட்டும்.

போன மழைக்காலத்தில் திருவனந்தபுரத்து டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். இனி மருந்து கேட்காது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். அவரிடம் எதிர்த்துக் கேட்க எனக்கு என்ன தெரியும்? வராந்தாவில் நின்று அழுதேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. நம் கீரிப்பாறை வீட்டுக்குப் போகவேண்டும், பிள்ளைகளைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். நர்ஸ் ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்றபோது அம்மாதான் தடுத்தாள்.

"அதுல போய் எறங்கினா பிள்ளையளு பயந்திரும். நம்ம வண்டியிலயே போவோம்."

கிளம்புமுன் ஆஸ்பத்திரிக்கு நம் சபை உபதேசியாரும் ஜெபக்குழு அக்காமாரும் வந்தார்கள். நம் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் சாவியை ஜெபிக்கக் கொடுப்போம் அல்லவா? அதேபோல உபதேசியார் என் சாவியைக் கேட்டார். அம்மாவின் கைப்பையில் கிடந்த மாற்றுச் சாவியையும் வாங்கினார். புருஷனும் பெண்டாட்டியும் பிரியாதிருக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து, உள்ளங்கையில் பொத்திக் கண்ணீரோடு ஜெபித்தார். இவளை என்னிடமிருந்து எடுத்துவிடாதேயும் என்று நானும் கெஞ்சினேன்.

அவர்கள் பஸ்ஸுக்குப் போனபின் அம்மாவைக் காரின் முன்சீட்டில் ஏற்றி, சாவியைத் திருகினேன். இன்ஜின் ஒரு மூச்சு ஓடி நின்றுவிட்டது. மறுபடி திருகினேன். மறுபடியும் நின்றது. எத்தனை தடவை என்று தெரியாது. அவள் உதடு காய்ந்துகொண்டே வந்தது. உங்களைப் பார்க்குமுன் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

மார்த்தாண்டத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் உங்கள் ஜெயன் மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். டீசல் ஊற்றினீரா அத்தான் என்று முதலில் கிண்டல் பண்ணினான். என் குரலைக் கேட்டதும் அடங்கிவிட்டான். ஹாரன் அடிக்கச் சொன்னான். நன்றாகவே அடித்தது. பேட்டரியில் குற்றமில்லை என்றான். சாவிப் படம் போட்ட சிவப்பு லைட் மின்னுகிறதா என்று கேட்டான். மின்னியது.

"அப்பம் வண்டிக்கு சாவிய அடையாளம் தெரியல்ல அத்தான். சாவிக்க தலைக்குள்ள ஒரு சிப்பு உண்டு. அத வாசிச்சாத்தான் இன்ஜின ஓட விடும். வளையத்துல வேற என்ன கெடக்கு?"

"ஒனக்க அக்காளுக்க சாவி."

"அதான் காரியம். ரெண்டு சிப்பும் ஒட்டிக் கெடந்தா வண்டிக்கு ஒண்ணும் விளங்காது. ஒண்ணக் கழத்தி தூர வையுங்க."

எனக்குக் கை வரவில்லை, மக்கா. ஜெபித்துச் சேர்த்ததை நானே எப்படிப் பிரிப்பேன்? பிரித்தால் அவள் போய்விடுவாள் என்றே நினைத்தேன். நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு அந்த வளையத்தில்தான் அவள் உயிர் இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து, ஆண்டவரே, எனக்கு வழி தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அப்போது அம்மா என் கைமேல் கை வைத்தாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை.

"கழத்துங்க. நான் எங்க போனாலும் ஒங்களுக்க பெண்டாட்டிதான். இப்பம் எனக்குப் பிள்ளையளப் பாக்கணும்."

நகத்தால் நெம்பி வளையத்தைத் திறந்தேன். அவள் சாவியைப் பைக்குள் போட்டுப் பின்சீட்டில் தள்ளி வைத்தேன். என் சாவியை மட்டும் போட்டு, சிவப்பு லைட் அணையும்வரை பொறுத்துத் திருகினேன். இன்ஜின் பிடித்தது. நிற்கவில்லை. அம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள்.

இருட்டுமுன் வீடு சேர்ந்தோம். ஜெபா, நீ கரண்டியால் கொடுத்த கஞ்சியை அவள் குடித்தாள். அனீஷ், நீ மனப்பாட வசனத்தை இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னாய். அவள் திருத்தாமல் சிரித்தாள். அடுத்த ஞாயிறு வருமுன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.

நான் கேட்டது கிடைக்கவில்லை. அது இன்னும் வலிக்கிறது. ஆனால் அவள் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார். இப்படித்தான் செய்யவேண்டும் என்று நான் இப்போது அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ரப்பர் வெட்டுக்குப் போகுமுன் முழங்காலில் நின்று, உங்களை அவர் கையில் விட்டுவிட்டுப் போகிறேன். உங்களுக்கும் வழி தெரியாத நாள் வரும். கூச்சப்படாமல் அவரிடம் சொல்லுங்கள். என்னைக் கேட்ட தேவன் உங்களையும் கேட்பார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன மறுநாள், நீங்கள் அத்தை வீட்டில் இருந்தபோது, தனியே வண்டிக்குள் ஏறினேன். அவள் படுத்து வருவதற்காகச் சாய்த்த முன்சீட்டு அப்படியே கிடந்தது. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதன் முதுகில் கை கொடுத்து மெதுவாக நிமிர்த்தி வைத்தேன்.