மெர்சிக்கு வந்த பேஜார்

போன வாரம் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் ஒரு மனிதரின் வீட்டு வாசலில் மூன்று மாலைகளும் ஒரு மலர்வளையமும் வந்து இறங்கின.

நீங்கள் சிரிக்கலாம். மெர்சியால் முடியவில்லை. அவள் வேலையே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மெர்சி பெங்களூர் அல்சூரில் எனக்கு எதிர் வீடு. ஒரு சின்ன எஃப்.எம். நிலையத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறாள். மூன்று வருடம் டிராஃபிக் நிலவரம் வாசித்து, ‘ட்ரினிட்டி சர்க்கிளில் வண்டிகள் மெதுவாக நகர்கின்றன’ என்று தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் வாங்கிய அரை மணி நேரம் அது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஸ்டுடியோவில் இரண்டும் கலந்த இங்கிலீஷ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு விழா. தேவசகாயம் மாஸ்டர் பாடினார். கொயர் மாஸ்டர், ஒக்கலிபுரத்துக்காரர். அவர் பாட்டு கொஞ்சம் நீளம். ‘கொஞ்சம்’ என்பது மரியாதைக்குச் சொல்வது.

திங்கட்கிழமை காலை மெர்சி மைக்கில் சொன்னாள்: “நேத்து தேவசகாயம் மாஸ்டர் பாட்டு கேட்டேங்க. முடிஞ்சதும் எனக்கு ரொம்ப பேஜாராயிடுச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள்.

பெங்களூரில் பேஜார் என்றால் மன வருத்தம். கன்னடத்திலிருந்து வந்து நம் வீட்டுத் தமிழில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட வார்த்தை. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனால் பேஜார். லீவு முடிந்தால் பேஜார். நல்ல பாட்டு முடிந்தால்... அதுவும் பேஜார்தான்.

சென்னையில்? அங்கே பேஜார் என்றால் தொல்லை. ரோதனை. தலைவலி.

எங்கள் தெருத் தமிழர்கள் வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின் சுந்தரேசன், மூன்று வருடம் முன்பு சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர். தமிழுக்கு ஒன்று என்றால் அவருக்குத் தூக்கம் வராது. தமிழுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் வராது. பதினொரு வினாடி ஆடியோ ஒன்று அவர் கைக்கு யார் மூலமாகவோ வந்து சேர்ந்தது. காலையில் அதன் தலைப்பு, ‘மூத்த பாடகரைத் தொல்லை என்று சொன்ன ஆர்.ஜே.’ மதியம் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன் – ‘கீர்த்தனைகள் தொல்லையாம்!’ சாயந்திரம் – ‘தமிழே தொல்லையாம்!’

மாடிப்படியில் சுந்தரேசனைப் பிடித்தேன். “நிகழ்ச்சியை நீங்க கேட்டீங்களா சார்?”

“அந்தக் கண்றாவியை நான் எதுக்கு சார் கேக்கணும்?” என்றார்.

எனக்குத் தெரிந்து குரூப்பில் ஒருவர் வீட்டிலும் ரேடியோ கிடையாது. ஆனால் நிலையத்துக்கு நாள் முழுக்க போன். நிலைய மேனேஜர் வடக்கேயிருந்து வந்தவர். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அது கெட்ட வார்த்தையா என்று ஆபீஸில் கேட்டிருக்கிறார். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள். குழம்பிய மேனேஜர்கள் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். மன்னிப்புக் கேள் என்று மெர்சியிடம் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் மனதார மன்னிப்புக் கேட்டாள். மனதாரக் கேட்டதுதான் வினை. மனதிலிருந்து வரும்போது வீட்டு வார்த்தைதானே வரும்?

“நான் சொன்னதுல தப்பிருந்தா ஸாரிங்க. யாரும் பேஜார் பண்ணிக்காதீங்க, ப்ளீஸ்.”

வருத்தப்படாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். சுந்தரேசன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? ‘மன்னிப்புக் கேட்கச் சொன்னால், நம்மைத் தொல்லை பண்ணாதே என்கிறாள்!’ அன்றைக்கு குரூப்பில் இருநூற்றுச் சொச்சம் மெசேஜ். பாதி, கோபத்தில் சிவந்த மூஞ்சிகள்.

மேனேஜர் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்தார். நாளைக் காலை எழுதி வைத்துப் படிக்க வேண்டும். அதிலும் பிரச்சினை என்றால் அந்த அரை மணி நேரத்துக்கு சினிமா பாட்டு போட்டுவிடுவார்கள். மெர்சி நேராக என்னிடம் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“அங்கிள், நீங்க எழுதுறவங்க. யாரும் தப்பு சொல்ல முடியாத தமிழ்ல நாலு லைன் எழுதிக் குடுங்க.”

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. இத்தனை வருடம் இந்தப் பத்தியில் சாதாரணத் தமிழ் எழுதி எழுதி, உள்ளே ஒரு புலவர் பட்டினி கிடந்தார். அவரை வெளியே விட்டேன். புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு மெர்சி வாசித்தது இது:

“தேவசகாயம் மாஸ்டர் அவர்களின் பாடல் நிறைவுற்றது குறித்து ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அன்னாரது இனிய குரல் என்றென்றும் நம் நெஞ்சங்களில் நிலைத்திருக்கும்.”

அன்னாரது! எந்தப் பிசாசு என்னை அதை எழுத வைத்தது? உயிரோடு இருப்பவரை யார் அன்னார் என்பார்கள்?

ஏழரைக்கு குரூப்பில் முதல் ‘ஆழ்ந்த இரங்கல்’ வந்தது. ஏழே முக்காலுக்கு சுந்தரேசன் குரூப் படத்தை மாற்றினார், ஒரு மெழுகுவர்த்தி. எட்டு மணிக்கு யாரோ ஒருவர், ‘அவமானம் தாங்காமல் மாரடைப்பாம்’ என்று போட்டார். நேற்று வரை வேலை போகுமே என்று பயந்த பெண், இன்றைக்கு ஆளைக் கொன்றவள் ஆகிவிட்டாள். எழுதியவன் நான். மாஸ்டருக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. ஸ்டுடியோ வாசலில் நின்ற மெர்சியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒக்கலிபுரம் ஓடினேன்.

நாங்கள் போவதற்குள் சுந்தரேசன் நான்கைந்து பேரோடு, மலர்வளையத்தைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார். கதவு திறந்தது. பனியன், லுங்கி, தலை நிறைய ஹேர் டை. தேவசகாயம் மாஸ்டர்.

“வாங்க வாங்க. யாருக்கு மாலை?” என்றார்.

சுந்தரேசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “உங்களுக்குத்தான் சார்.”

மாஸ்டர் மலர்வளையத்தைப் பார்த்தார். அதிலிருந்த ரிப்பனில் தன் பெயரைப் படித்தார். “ஏதோ பொன்னாடை போடுவாங்கன்னு நெனச்சேன். நீங்க ஒரேடியா முடிச்சிட்டீங்க.”

மெர்சிக்கு அடக்க முடியவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். “மாஸ்டர், என் மேல பேஜார் பண்ணிக்காதீங்க மாஸ்டர்...”

“நானு எதுக்கும்மா பேஜார் பண்ணிக்கணும்? திங்கக்கிழமை ரேடியோல கேட்டேனே. நாப்பது வருசமா பாடறேன். பாடி முடிச்சா எல்லாரும் கை தட்டுவாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? அப்பாடா, முடிஞ்சிடுச்சுன்னு. முடிஞ்சிடுச்சேன்னு பேஜாரானவ நீ ஒருத்திதான். அன்னிக்கு முழுக்க எனக்கு அவ்ளோ சந்தோசம்.”

மூன்று நாளாக இவருக்காக ஊரே கொதித்தது. இவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. நான் அன்னாரது எழுதுவதில் மும்முரமாக இருந்தேன். வெட்கமாக இருந்தது.

மாஸ்டர் சுந்தரேசன் பக்கம் திரும்பினார். “தம்பி, அந்த ஆபீஸ்காரருக்கு போன் போடுங்க. இந்தப் பொண்ணுக்கு வேலை போகக்கூடாது. நான் உயிரோட இருக்கறப்பவே போடுங்க.”

சுந்தரேசன் மலர்வளையத்தை என் கையில் திணித்துவிட்டு போன் போட்டார். தெரிந்த இந்தியில் வேர்த்து விறுவிறுத்துப் பத்து நிமிடம் பேசினார். மேனேஜருக்கு எவ்வளவு புரிந்ததோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஆனால் மெர்சி நாளைக்கு வழக்கம்போல வரலாம் என்று சொல்லிவிட்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாங்களும் செருப்பைத் தேட ஆரம்பித்தோம்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் மாஸ்டர். மாலைகளில் ஒன்றை எடுத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டார். “எனக்காக இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. உக்காருங்க, ஒரு பாட்டு பாடறேன்.”

அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் ஆபீஸ் லேட்... நாங்களே மாலை வாங்கிக்கொண்டு போன மனிதர் பாடும்போது, பாதியில் எப்படி எழுந்து போவது?