தம்பியின் இதயமும் என் ஐயமும்

தம்பி மறைந்த ஓராண்டு நிறைவு நாளில் எங்கள் இல்லம் வந்து இந்நினைவு மலரைக் கையில் பெற்றிருக்கும் உற்றார் உறவினர்க்கும், தம்பியோடு கபடி ஆடிய நண்பர்களுக்கும், பூச்சந்தைத் தோழர்களுக்கும் மூத்தவனாகிய என் வணக்கம். தம்பியை வாழ்நாள் முழுதும் ‘அவன்’ என்றே சொல்லிப் பழகிய நாக்கு என்னுடையது. இறந்தவர் வயதில் நம்மை முந்திவிடுகிறார் என்பது என் எண்ணம். ஆதலால் இங்கு ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

தம்பி, அகரத்தை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டில், எனக்குப் பதினான்கு ஆண்டுகள் பின்னர் பிறந்தார். அவருக்கு மூன்று வயதாகும்போது எங்கள் தந்தையார் கிணற்றுப் படியில் ஏறி வருகையிலேயே சரிந்து விழுந்து இறந்தார். தந்தையாருக்கு அப்போது நாற்பது வயது நிறையவில்லை. உச்சிவேளையில் கிணற்றடியில் நின்றதால் காற்றுக்கருப்பு அடித்துவிட்டது என்று ஊர் சொல்லிற்று. நாங்களும் நம்பினோம். சில ஆண்டுகள் கழித்து, வத்தலக்குண்டில் குடியிருந்த சித்தப்பா பேருந்தைப் பிடிக்க ஓடியவர் நிலையத்திலேயே விழுந்து மாண்டார். அதற்குச் செய்வினை என்று பெயரிட்டு, செய்தவர் இன்னார் என ஆளையும் அடையாளம் காட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் திடீரென இறந்தால் அதற்கு வெளியில் ஒரு குற்றவாளியைத் தேடுவதே வழக்கம். அந்த வழக்கத்தில் வளர்ந்தவன் நான்.

நான் எட்டாம் வகுப்போடு ஏர் பிடித்தேன். தம்பியைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தோம். அவர் கால்கள் புத்தகத்தை விடக் கபடி மைதானத்தையே விரும்பின. பின்னர் என்னோடு சேர்ந்து சம்பங்கி பயிரிட்டார். பக்கத்துத் தோட்டம் வாடினால் தம் முறைத் தண்ணீரை மடை மாற்றி விட்டுவிட்டு, என்னிடம் ஏச்சு வாங்குவார். சிரிப்பாரே தவிர மறுமொழி சொல்ல மாட்டார். யாரையும் சந்தேகிக்கத் தெரியாதவர். அந்த வேலையை எனக்கென்று விட்டிருந்தார் போலும்.

பத்தொன்பதாம் வயதில், ஒரு திருவிழாப் போட்டியில், பாடிச் சென்ற வேகத்திலேயே தம்பி மயங்கி விழுந்தார். ஒரு நிமிடத்தில் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். கண்ணேறு என்று தாயார் தாயத்துக் கட்டினார்கள். பின்னொரு முறை பழனி மலை ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே, நெஞ்சுக்குள்ள கோழி றெக்கைய அடிக்கிற மாதிரி இருக்குண்ணே.”

“வெறும் வயித்துல ஏறுனா அப்படித்தான்லே இருக்கும். செத்த நேரம் உக்காரு” என்றேன்.

அவருக்குப் பெண் பார்த்தபோது இவ்விரண்டு சங்கதிகளையும் பெண் வீட்டாரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று தாயாருக்கும் கட்டளையிட்டேன். நோய்க்குடும்பம் என்று பெயர் வந்துவிடும் என்ற அச்சம். இதை இன்றுதான் முதன்முறையாக எழுத்தில் வைக்கிறேன்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

தம்பியின் மைத்துனர், அதாவது தம்பி மனைவியின் உடன்பிறந்தவர், நூற்பாலை ஒன்றில் வேலை செய்பவர். அவருடைய நிலம் எங்கள் நிலத்தை ஒட்டியது. எங்கள் தண்ணீர்க் குழாய் அவர் வரப்பைக் கடந்து செல்வது பற்றி அவருக்கும் எனக்கும் வாக்குவாதம் உண்டு. சம்பவத்துக்கு முதல்நாளும் இருவரும் குரலை உயர்த்தினோம். மறுநாள் காலை பத்து மணிக்கு, எங்கள் கிணற்று மோட்டார் பழுதாகி அதை மேலே தூக்க வேண்டியிருந்தது. உதவிக்கு வந்தவர் அதே மைத்துனர். கையில் ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய மோர் கொண்டு வந்திருந்தார். நேற்றுச் சண்டை, இன்று மோரா என்று அப்போதே என் மனம் முகர்ந்து பார்த்தது. தம்பி இரண்டு குவளை குடித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். நான் சம்பங்கி வரிசைக்குப் போனேன்.

கூச்சல் கேட்டு ஓடி வந்தபோது மோட்டார் கரையில் கிடந்தது. தம்பி அதனருகே மல்லாந்து கிடந்தார். மைத்துனர் அவர்பக்கம் மண்டியிட்டு, இரு கைகளையும் தம்பியின் நடுமார்பில் ஊன்றி, உடற்பாரம் முழுவதையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். எலும்பு முறிந்தாற்போல ஓர் ஓசை என் காதில் விழுந்தது.

“ஏலே! எந்தம்பிய என்னடா பண்ற!”

“மச்சான், விடுங்க மச்சான்! மூச்சு இல்ல, அமுக்கிட்டே இருக்கணும்!”

“கொல்லுறியேடா பாவி!”

அவர் சட்டையைப் பற்றி இழுத்து அப்பால் தள்ளினேன். தம்பியின் கைகால் இரண்டொரு முறை வெட்டி இழுத்தது. அதைக் கண்டு வலிப்பு என முடிவு செய்தேன். மோட்டார் அறைச் சாவிக்கொத்தைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். இரும்பு பட்டால் வலிப்பு அடங்கும் என்று நம்பி நம் பக்கத்தில் எல்லோரும் செய்வது இது. மைத்துனர் திரும்பத் திரும்ப நெருங்கினார். அங்கே கூடிவிட்ட ஆட்களை ஏவி அவரைப் பிடித்துக்கொள்ளச் செய்தேன். தம்பி குறட்டை போல இரண்டு மூச்சு விட்டார். “வந்துருச்சு, மூச்சு வந்துருச்சு” என்று மகிழ்ந்தவன் நான். அந்த மூச்சு மூச்சே அன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆட்கள் பிடியில் இருந்தபடியே மைத்துனர்தான் 108 ஊர்தியை அழைத்தார். அது வந்து சேர்ந்தபோது தம்பி போய்விட்டிருந்தார்.

பிரேதத்தின் மார்பில் கன்றிய தடம் இருந்தது. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. மோரில் கலந்திருக்கிறார், அது போதாமல் மார்பில் ஏறி அழுத்தியிருக்கிறார் என்று காவல் நிலையத்தில் என் கைப்பட மனு எழுதிக் கொடுத்தேன். துக்க வீட்டில், கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொன்னேன். சொந்த அக்காள் வீட்டுத் துக்கத்துக்கு வந்த மைத்துனர் மாலையோடு வாசலில் நின்றார். உள்ளே விடவில்லை. தம்பி மனைவி ஒரு பக்கம் கணவரை இழந்து, மறுபக்கம் தம் பிறந்த வீட்டையும் இழந்து நின்றதை நான் அப்போது காணவில்லை.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் விஷம் இல்லை என்று வந்தது. இதயத்தின் சுவர் அளவுக்கு மீறித் தடித்திருந்ததாகவும், மரணம் இயற்கையானதாகவும் எழுதியிருந்தது. மருத்துவர் என்னை அழைத்து, “உங்க அப்பா எப்படி இறந்தார்? அவர் கூடப் பிறந்தவங்க?” என்று கேட்டார். செத்தவரை விட்டுவிட்டு எப்போதோ செத்தவர்களை இவர் ஏன் விசாரிக்கிறார்? இவருக்கும் மைத்துனருக்கும் என்ன தொடர்பு? இப்படித்தான் என் புத்தி ஓடிற்று. “ரத்த சம்பந்தம் உள்ளவங்க எல்லாரும் ஈசிஜி, எக்கோ எடுத்துப் பாக்கணும். முக்கியமா அவர் மகள்” என்றார். பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் பிடித்து அனுப்பும் வேலை என்று எண்ணி, அறிக்கையைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

தம்பிக்கு ஒரே மகள். திண்டுக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள். கைப்பந்து ஆட்டக்காரி. தந்தை மறைந்த பின்னும் ஆட்டத்தை விடவில்லை. பரிசோதனைக்குப் போகவேண்டும் என்று அவள் இருமுறை கேட்டாள். இருமுறையும் நான் மறுத்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தம்பி வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் அம்மகள் தலையணையைத் தரையில் போட்டு மண்டியிட்டு, முழங்கையை மடக்காமல், ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, எண்ணியபடி அழுத்திக்கொண்டிருந்தாள். தாய்க்குக் கற்றுக் கொடுக்கிறாளாம். கிணற்றடியில் அன்று நான் கண்டது என் முன் வந்தது. அதே முழங்கை. அதே தோள்.

“என்ன புள்ள இது?”

“நின்னுபோன இதயத்த ஓட வைக்கிறது பெரியப்பா. காலேஜ்ல பொம்மைய வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. நெஞ்சு எலும்பு முறிஞ்சாலும் நிறுத்தக் கூடாதாம்.”

அவள் அழுத்துவதை நிறுத்தவில்லை. தலை நிமிராமலே சொன்னாள்: “மாமா மில்லுல இதப் படிச்சிருக்காரு. அன்னைக்கு அப்பாவுக்குச் செஞ்சது இதுதான். நீங்கதான் இழுத்து விட்டீங்க.”

அவள் தாய், “ஏய், வாய மூடுடி” என்று அதட்டினாள். அந்த அதட்டலில் வலு இல்லை. அவ்விருவரும் இதைப் பல நாள் பேசியிருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது.

மகள் எழ முயன்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டத்தின்போதும் கண் இருட்டிக்கொண்டு வருவதாகவும், பயந்துவிடுவோம் என்று எங்களிடம் சொல்லவில்லை என்றும் அப்போதுதான் ஒப்புக்கொண்டாள். அந்த வாரமே அழைத்துச் சென்றோம். அவள் இதயச் சுவரும் தடித்திருந்தது. தந்தையிடமிருந்து வந்தது. பாட்டனாரிடமிருந்து அவருக்கு வந்தது. காற்றுக்கருப்பும் இல்லை, செய்வினையும் இல்லை.

மறுநாள் மைத்துனர் வீட்டுக்குப் போனேன். படியேறவும் கூச்சமாக இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க மச்சான். மோர் குடிக்கிறீங்களா? இல்ல, அதுலயும் டவுட்டா?”

இரண்டு குவளை வாங்கிக் குடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். மனுவைப் பற்றியோ, வாசலில் நிறுத்தியதைப் பற்றியோ அவர் ஒரு சொல் சொல்லவில்லை. இறுதியில் கேட்டது இதுதான்:

“கபடியில மயங்கி விழுந்தாருன்னு எங்கக்கா இப்பத்தான் சொல்லுச்சு. அதுக்கே உங்க அம்மா சாகும்போது சொல்லித்தான் தெரியுமாம். அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தாலும் நாங்க பொண்ணு குடுக்காம இருந்திருக்க மாட்டோம் மச்சான். ஆனா அம்புட்டு கனமான மோட்டாரத் தூக்க விட்டிருக்க மாட்டேன்.”

அவர் விடாமல் அழுத்தியிருந்தால் தம்பி பிழைத்திருப்பாரா என்று மகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டேன். “உறுதியாச் சொல்ல முடியாதுங்கய்யா” என்றார். இரக்கத்தால் அப்படிச் சொன்னார் என்ற ஐயம் எனக்கு உண்டு. அது என்னோடு வரும்.

அவரிடம் கேட்டறிந்ததை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். மாரடைப்பு என்பது இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது. திடீர் இதய நிறுத்தம் என்பது இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகித் துடிப்பு நின்றுபோவது. முன்னதனால் பின்னது வரலாம். எங்கள் குடும்பத்தில் வந்ததுபோல, அடைப்பே இல்லாமலும் வரலாம். புகை, கட்டுப்படாத இரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பே உள்ள இதய நோய் ஆகியவை அதற்கு வழி திறக்கின்றன. ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கி விழுந்தவரையும், காரணமின்றி நெஞ்சு படபடப்பவரையும், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவரின் இரத்த உறவினரையும் மந்திரிக்க அழைத்துச் செல்லாதீர்கள். இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முன்னரே கண்டால் மாத்திரை உண்டு. தேவைப்படுவோர்க்கு, தாறுமாறான துடிப்பைத் திருத்தும் சிறு கருவியை மார்பில் பொருத்துகிறார்கள். ஒருவர் நினைவற்று விழுந்து சரியாக மூச்சு விடவில்லையெனில், கைகால் வெட்டினாலும் குறட்டை போல இழுத்தாலும் அதை உயிர் என்று நம்பி ஏமாற வேண்டாம். கையில் இரும்பைத் திணிக்க வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் நடுமார்பில் வேகமாகவும் ஆழமாகவும் அழுத்துங்கள். ஊர்தி வரும்வரை ஆள் மாற்றி அழுத்துங்கள்.

அண்ணன் என்ற முறையில் நானும் பரிசோதித்துக்கொண்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். அதை நம்பாமல் வேறிடத்தில் இன்னொரு முறை எடுத்தேன். அங்கும் ஒன்றுமில்லை. சித்தப்பாவின் மக்கள் மட்டும் இன்னும் வரவில்லை. தங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த அச்சத்தை நான் அறிவேன், அது என்னிடமிருந்தது. வத்தலக்குண்டிலிருந்து இன்று வந்திருப்பீர்களாயின் இலையில் உட்காருமுன் என்னைப் பாருங்கள். நானே உடன் வருகிறேன்.

தம்பியைத் தோளில் சுமந்தோர்க்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறாக்கிய அண்டை வீட்டார்க்கும், என் சந்தேகப் பார்வையைக் கண்டும் கோபிக்காத பிரேதப் பரிசோதனை மருத்துவர்க்கும், ஆட்டத்தை விட்ட மகளுக்குத் துணையிருக்கும் கல்லூரித் தோழியர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பியின் மைத்துனர்க்கு நன்றி என்ற சொல் போதாது. அவர்மீது நான் பலரறியச் சொன்ன பழி பொய்யென்பதைப் பலரறிய இங்கே எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

மகளின் நோயை அச்சில் ஏற்றக் கை கூசிற்று. கன்னிப் பெண்ணின் வாழ்வு அல்லவா? அந்தப் பத்தியை மட்டும் அடித்துவிட்டு இந்த மலரின் கைப்படியை அவளிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்தவள் பேனாவை வாங்கி, அடித்ததை மறுபடி தன் கையெழுத்தில் எழுதினாள்.

“இருக்கட்டும் பெரியப்பா. நாளைக்கு என்னையப் பொண்ணு பாக்க வாரவங்க கையில மொதல்ல இதக் குடுங்க.”