நெடுக்கு நிரையும் குறுக்கு நிரையும்

சாணார்பட்டி போகும் சாலையோரம் இருக்கும் எங்கள் மல்லித் தோட்டம் முக்கோணமானது. அடியில் சாலை. ஒரு பக்கம் நேராகப் போகும் கம்பி வேலி, இன்னொரு பக்கம் சாய்வாக வரும் வாய்க்கால். இரண்டும் சேரும் கோடி மூலையில் கிணறும் மோட்டார் அறையும். போன மழைக்காலத்தில் மோட்டார் போடப் போன என் வீட்டுக்காரர் அங்கேதான் கரண்ட் அடித்துச் செத்தார். அதன் பிறகு நான் அந்த மூலைக்குப் போகவில்லை.

பூப்பறிப்பில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வரிசைச் செடியை நிரை என்போம். ஆளுக்கொரு நிரை. சாலையோரம் ஆரம்பித்தவள்தான் வாய்க்கால் வரை போய் முடிக்க வேண்டும். அடுத்தவள் அதில் கை வைக்கக் கூடாது. வாய்க்கால் சாய்வு என்பதால் ஒவ்வொரு நிரையும் முந்தியதைவிட நீளம். வேலியோர நிரைதான் எல்லாவற்றிலும் நீளம். அது முடியும் இடம் கிணற்றடி. அதைப் பிடித்தவள் மற்றவர்கள் முடித்துத் திரும்பிய பிறகும் அங்கே தனியாக நிற்க வேண்டும்.

"கிணத்தடியில செருமுற சத்தம் கேக்குது மதினி. அண்ணன் பீடி குடிச்சுட்டுச் செருமுவாருல்ல, அதே சத்தம்" என்றாள் பூப்பறிக்க வரும் பெண்களில் ஒருத்தி.

"பக்கத்துல நின்னு கூப்புட்டா உனக்குக் காது கேக்காது, செத்தவரு செருமுனது மட்டும் கேட்டுருச்சாக்கும்" என்று எல்லாருக்கும் மூத்தவள் கேலி செய்தாள். ஆனால் அவளும் அந்த நிரையைப் பிடிக்கவில்லை. "இதை எங்க தலையில கட்டுனா நாங்க வேற தோட்டம் பாத்துக்கிறோம் ஆத்தா" என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

சாலையோரம் நிற்கும்போதே எனக்கும் அந்தச் செருமல் கேட்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம். ஆள் வராவிட்டால் தோட்டம் முழுவதும் செடியிலேயே பூத்து உதிரும் என்பது மட்டும் தெரிந்தது.

மகள் திண்டுக்கல்லில் இன்ஜினியரிங் படிக்கிறாள். கணக்கில் அரியர். ஒரு மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து ஒரே கணக்கை அடித்து அடித்து எழுதினாள். நான் பத்தாவது வரைதான். ஆனாலும் அவள் வரைந்திருந்த முக்கோணம் கண்ணில் பட்டது.

"நம்ம தோட்டமா?" என்றேன்.

"இல்லம்மா, டபுள் இன்டக்ரல். உள்ள இருக்குற அம்புட்டையும் நெடுக்கால கூட்டணும். சில கணக்கு நெடுக்கால நகராது. ஆர்டரை மாத்திக் குறுக்கால போனா நடந்துரும். நான் மாத்துனேன். ஆனா எங்க ஆரம்பிச்சு எங்க நிக்கணுங்கிறதைப் பழசு மாதிரியே விட்டுட்டேன். அதான் தப்பு. குறுக்கால போனா ஒவ்வொரு கோடும் வாய்க்கால்ல ஆரம்பிச்சு வேலியில முடியணும்."

வாய்க்கால், வேலி என்று அவள் வாயிலேயே வந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

எங்கள் செடிகளும் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே இடைவெளியில் நட்டவைதான். வாய்க்காலிலிருந்து வேலிக்குக் குறுக்கேயும் நிரை பிடிக்கலாம். சாலையோரம் நீளமான நிரை முதலில் வரும். போகப் போகச் சுருங்கும். யாரும் தனியாக நிற்காமல் எல்லாரும் சேர்ந்தே கிணற்றுப் பக்கம் மேலே ஏறலாம்.

"அப்ப அந்த மூலை வராதுல்ல?" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். "வரும்மா. எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒரு செடிகூட விட்டுப்போகாது. போனாக் கணக்கு தப்பு. கடைசியில, துண்டு துண்டா வரும்."

மறுநாள் காலையில் பெண்களிடம் அவளே சொன்னாள். "பூப்பறிக்கவும் காலேசுல சொல்லித் தாராகளா?" என்று சிரித்தார்கள். ஆனால் வாய்க்கால் பக்கம் போய் நிரை பிடித்தார்கள். பேச்சும் சிரிப்புமாக மேலே ஏறினார்கள். கிணறு தெரிகிற இடத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மிச்சம் நாலு செடி, மூணு செடி என்று குட்டி நிரைகள். மூத்தவள் மடியை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"துண்டு நிரை தோட்டக்காரிக்குத்தான் ஆத்தா. அதுவும் வழக்கம்தான். போ, நாங்க இங்கனதான் நிக்கிறோம்."

நானும் மடியைக் கட்டினேன். போனேன்.

மோட்டார் அறைக் கதவு சாத்தியிருந்தது. குனிந்து முதல் செடியில் கை வைத்ததும் செருமல் கேட்டது. முதுகுக்குப் பின்னால், மிகவும் கிட்டத்தில். திரும்பவில்லை. மொட்டு மொட்டாகக் கிள்ளினேன். மூணு செடி. ரெண்டு. அப்புறம் வேலியும் வாய்க்காலும் முட்டுகிற இடத்தில் ஒன்றே ஒன்று.

"முடிஞ்சுச்சாம்மா?" என்று மகள் கத்தினாள்.

எல்லாச் செடிகளும் மொட்டில்லாமல் நின்றன. இனி அந்தப் பெண்கள் வேறு தோட்டம் தேட மாட்டார்கள். ஆனால் முடிந்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் பின்னால் நிற்பவருக்குக் கேட்டுவிடும், அவரும் போய்விடுவார் என்று தோன்றியது.

"இன்னும் ஒரு செடி இருக்கு" என்றேன். "நீங்க போங்க. வாரேன்."