தம்பிராசா அண்ணரின் மீசை போன இடம்

படத்துக்குச் சட்டம் போடுகிறவளுக்கு வெயில் பாதி எதிரி, "எங்கட வீட்டுக்குள்ள ஏது வெயில்?" என்று கேட்கிறவர்கள் மீதி எதிரி. கடை வைத்து ஏச்சு வாங்கிக் கட்டும் என் சக பாவிகளே, கேளுங்கள்.

மையில் விழுந்த பழி

களுதாவளையிலிருந்து பூமணி அக்கா மட்டக்களப்பு டவுனிலுள்ள என் கடைக்கு வந்தார். கையில் காலமான கணவர் தம்பிராசா அண்ணரின் படம். இரண்டு வருடத்துக்கு முன் நான் அச்சடித்துக் கொடுத்தது. இப்போது முகமே வெளிறி, மீசையைக் காணவில்லை. மூலப்படம் இருந்த போன் வாவிக்குள் போய்விட்டது. அதை வைத்திருந்த என் பழைய கணினியும் மண்டையைப் போட்டுவிட்டது. அக்காவுக்கு மிச்சம் இந்த ஒரு படம்தான். கடையில் நாலு பேர் நிற்க, அக்கா சத்தமாகச் சொன்னார்: "இவள் மட்டமான மையில அடிச்சுத் தந்து என்னை ஏமாத்திப்போட்டாள்!"

சட்டத்துக்குள் சாட்சி

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தைக் கழற்றினேன். சட்டம் மூடியிருந்த ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, அண்ணரின் நீலச் சட்டை பளிச்சென்று இருந்தது. "ஒரே மை, ஒரே தாள். வெளிச்சம் படாத இடத்தைப் பாருங்க அக்கா!" நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். நான் வென்றுவிட்டேன்!

அக்கா அந்த ஓரத்தையே தடவிக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப, அந்தாள நானா புள்ள அழிச்சன்?"

ஜன்னலும் பல்பும்

வென்ற சந்தோஷம் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. அடுத்த நாளே அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணர் தோணி விட்ட வாவியைப் பார்க்கட்டும் என்று, அக்கா படத்தை மேற்கு ஜன்னலுக்கு நேரே மாட்டியிருந்திருக்கிறார். பின்னேர வெயில் நேராக முகத்தில். போதாததற்கு, படத்துக்கு முன்னால் இரவு பகலாக எரியும் பல்ப் வேறு.

படத்தைக் கடைக்குக் கொண்டுவந்து ஸ்கேன் பண்ணினால், கண்ணுக்குத் தெரியாத மீசை மெல்லிய நிழலாக அதில் இருந்தது! நாலு நாள் குந்தியிருந்து ஒவ்வொரு மயிராக மீட்டுப் புதிதாக அச்சடித்தேன். பழைய படத்தைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தோம். புதியதை வெயில் எட்டாத சுவரில் மாட்டி, பல்பை விளக்கு வைக்கும் நேரத்துக்கு மட்டும் என்று ஆக்கினோம். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

"இந்தா பாருகா, மீசை வந்திட்டு! அவர் நிழல்லயே இருக்கட்டும். வாவிய நான் போய்ப் பாத்து வந்து சொல்றன்."

அன்று எட்டிப் பார்த்த நாலு பேரும் ஊரெல்லாம் சொல்லிவிட்டதில், படம் மாட்ட இடம் பார்த்துச் சொல்லச்சொல்லி ஆளாளுக்குக் கூப்பிடுகிறார்கள்; இப்போது நான் படம் அச்சடிக்கிற நேரத்தைவிட அடுத்தவர் வீட்டு ஜன்னலை முறைத்துப் பார்க்கிற நேரம்தான் கூட.