லேட் லிஸ்ட் எழுதிய லீடரம்மா

வகுப்பு லீடராக இருந்து அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும்: சாக்பீஸ் வாங்கவும் திட்டு வாங்கவும் ஒரே ஆளைத்தான் அனுப்புவார்கள். எனக்கு அந்த வேலை கிடைத்தபோது வயது அறுபத்து மூன்று. கணவர் போன பிறகு வீட்டில் கடிகாரம் மட்டும்தான் பேசியது. அதோடு எத்தனை நாள்தான் குடித்தனம் நடத்துவது? காரைக்காலில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்துவிட்டேன்.

தேர்வான விதம்

"யார் லீடர்?" என்று துறைத்தலைவி கேட்டதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் தரை தெரியவில்லை. பின் பெஞ்சு நிலோஃபர் என் பெயரைச் சொல்ல, வகுப்பே கைதட்டியது. எனக்கு உள்ளூரப் பெருமை. என்னிடம் என்ன தகுதியைக் கண்டாள் என்று அவளையே கேட்டேன்.

"உங்கள எந்த சாரும் 'வெளியில போ'ன்னு சொல்ல மாட்டாருல்ல, லீடரம்மா!"

கண்டிப்பு

எனக்கென்று ஒரு பாணி வேண்டுமே! கண்டிப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்களின் பெயரை எழுதித் துறையில் கொடுப்பது லீடரின் வேலை. அதில் பெயர் இருந்தால் அன்றைக்கு வருகைப்பதிவு கிடையாது. என் வீட்டிலிருந்து கல்லூரி மூன்று நிமிட நடை. அதனால் எனக்கு நேரந்தவறாமை மிகவும் பிடிக்கும்.

கருக்களாச்சேரி சங்கீதா தினமும் ஒன்பது இருபதுக்கு, ஈரத்தலையோடு வருவாள். தினமும் எழுதினேன். மூன்றாம் மாதம், வருகைப்பதிவு குறைந்ததால் பரீட்சை எழுத முடியாதவர் என்று அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு பெயர் ஒட்டினார்கள். அன்றுதான் அவளிடம் காரணம் கேட்டேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். மீன் கூடையை இவள்தான் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, பஸ் பிடித்து வருகிறாள். "முன்னாலேயே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லையே, லீடரம்மா. உங்க கையெழுத்து அழகா இருக்கும், எழுதுறதப் பாத்துக்கிட்டே நின்னுருவேன்."

மனு

அன்று சாயங்காலமே நான்கு பக்க மனு எழுதினேன். விடியலில் சிவக்கும் கடல், கூடையில் சொட்டும் நீர், ஒரு மகளின் ஈரக் கூந்தல் எல்லாம் அதில் இருந்தன. படிக்கையில் எனக்கே கண் கலங்கியது.

துறைத்தலைவிக்கு என் மகள் வயது. பொறுமையாகப் படித்தார். நான்கு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தால் குறையை ஈடுகட்டலாம், ஆனால் பத்துப் பேராவது வந்தால்தான் ஆசிரியரை வரவழைக்க முடியும் என்றார். பிறகு மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

"கடலெல்லாம் நல்லா வந்துருக்கும்மா. அந்தப் பொண்ணு ஏன் லேட்டுன்னு மூணாவது பக்கத்துலதான் வருது."

முழக்கம்

வாட்ஸப் குழுவில், தோழமையின் கடமை பற்றி ஆறு நிமிடம் பேசி அனுப்பினேன். கட்டை விரல்கள் வரிசையாக உயர்ந்தன. சனிக்கிழமை வந்தவர்கள் நானும் சங்கீதாவும் மட்டும். ஆசிரியர் எங்களை எண்ணிப் பார்க்கும் சிரமம்கூட இல்லாமல் திரும்பிவிட்டார். சங்கீதா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். நான் ஆத்திரத்தோடு நிலோஃபரை அழைத்தேன்.

"கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன், லீடரம்மா. எதுக்கு வரச் சொன்னீங்க?"

கேள்வி

திங்கட்கிழமை பெஞ்சு பெஞ்சாகப் போனேன். "என்னால ஒரு பொண்ணோட பரீட்சை போகப் போகுது. சனிக்கிழமை வர்றதுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவதுதான் சிரமமாக இருந்தது. போலகத்துப் பையனுக்குப் பஸ் தோதுப்படவில்லை. இன்னொருவன் பைக்கில் ஏற்றி வர ஒப்புக்கொண்டான். நிலோஃபர் வீட்டில் சனிக்கிழமை அனுப்ப மாட்டார்களாம். நேரில் போய் அவள் உம்மாவிடம் இரண்டு டம்ளர் தேநீர் குடித்து அனுமதி வாங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை பதின்மூன்று பேர் வந்தார்கள். நான்கு வாரமும் வந்தார்கள். பலகையிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தார்கள். முதல் பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் சங்கீதா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எல்லாத்தையும் எழுதிட்டேன். நீங்க ஏன் எழுதாம என்னையே பாத்துக்கிட்டிருந்தீங்க? ஃபெயிலாகப் போறீங்க, லீடரம்மா!"

ஆக, காது மந்தமாகத் தொடங்கிய வயதில்தான், நான் பிறர் சொல்வதைக் கேட்கக் கற்றுக்கொண்டேன்.